கயல்நாச்சியின் கஞ்சுகம்

வெள்ளிமலைத் தோட்டத் தொழிற்சாலை,
தலவாக்கலை.
16.1.1955

வடிவு,

நலம், நலமறிய அவா என்று எழுதி அரைப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. எனக்குச் சளி. இந்தப் பனியில் உனக்கும் இருக்கும்.

உன் கடிதமும், நாவலிலிருந்து நீ எழுதி அனுப்பிய இரண்டு பத்திகளும் கிடைத்தன. பரிசம் போட்டுவிட்டால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக் கூடாது என்று உன் அப்பாவும் என் அம்மாவும் சட்டம் வைத்திருக்கிறார்கள். ஹட்டனுக்கு ரயிலேறி வந்து பத்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டிய காரியத்துக்குத் தபால்காரரை நடக்க வைக்கிறோம்.

முதலில் உன் எழுத்தாளர். முப்பது வருடமாக எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நாவல் என்கிறாய். இருக்கட்டும். ஆனால் அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி கயல்நாச்சி போட்டிருக்கும் கஞ்சுகம் “முழங்காலைத் தொட்டது, மார்பிலோ முதுகிலோ ஒரு திறப்பும் இல்லை, வாளுக்கும் காற்றுக்கும் வழிவிடாத உடை” என்கிறார். முப்பத்தோராம் அத்தியாயத்தில் அதே கஞ்சுகத்தை, ஓடுகிற குதிரையில் இருந்தபடி, ஒற்றைக் கையால் களைந்து காயம்பட்ட காவலன்மேல் வீசுகிறாள். திறப்பே இல்லாத சட்டையை ஒற்றைக் கையால் எப்படிக் கழற்றுவது? நேற்று என் பனியனில் முயன்று பார்த்தேன். குதிரைகூட இல்லை, ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். விழுந்தேன்.

அதைத்தான் நீ தைக்கப் போகிறாய். மற்றப் பெண்கள் போட்டிக்குப் பாவாடையும் குழந்தைச் சட்டையும் தைத்துக் கொடுக்கும்போது உனக்கு மட்டும் பாண்டிய நாட்டுப் போர்ச்சட்டை. சரி, செய்வதை ஒழுங்காகச் செய். இத்துடன் வரைபடம் அனுப்பியிருக்கிறேன். பிரவுன் பேப்பரில், முழு அளவில். தகரத்தில் குழாய் செய்யும்போது எப்படி விரித்து வரைவோமோ அப்படியே ஆளின் உடம்பை விரித்து வரைந்திருக்கிறேன். உன் அளவுகளை என் தங்கையிடம் கேட்டேன். “அய்யே” என்று சிரித்துவிட்டு, பிறகு கொடுத்தாள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குகூடப் பிசகாது. கோடு போட்ட இடத்தில் கத்தரி வை. ஒரு நூல் தள்ளாதே.

கந்தப்பன்


மே/பா சிவனேஸ்வரி டீச்சர்,
ஹட்டன்.
24.1.1955

அன்புள்ள மச்சானுக்கு,

வரைபடம் வந்தது. நன்றாக இருக்கிறது. அவ்வளவு பெரிய தாளைக் கசங்காமல் எப்படி அனுப்பினீர்களோ தெரியவில்லை. எனக்குத் தையல் பழக்கும் டீச்சர் மேசைமேல் விரித்துப் பார்த்துவிட்டு, “இது சட்டையோ, பாலமோ?” என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் சிரிக்காமலே கேலி செய்வார். நீங்கள் கோபப்பட வேண்டாம்.

மாதர் கைப்பணிச் சங்கத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். முழுக்கக் கையால் தைத்த உடை ஒன்றை அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். அளவெடுத்தல், வரைதல், வெட்டுதல், தைத்தல் ஆகிய நான்கும் பிறர் கைபடாமல் நானே செய்தவை என்று கீழே கையெழுத்தும் போட வேண்டும். நாற்பத்தொரு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். எடுக்கப்போவது இரண்டு பேரை. எடுபட்டால் கண்டியில் இரண்டு வருடப் பயிற்சி, அதன்பிறகு தோட்டப் பள்ளிக்கூடங்களில் தையல் டீச்சர் வேலை. அப்பா தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றுகொண்டே முடிவைச் சொல்லிவிட்டார்: “எடம் கெடைச்சா கல்யாணத்த ரெண்டு வருசம் தள்ளிப் போடுவோம். கெடைக்கலையா, சித்திரையில தாலி. அதுக்குமேல எங்கிட்டப் பேசாதீங்க.” அம்மா சித்திரைக்கே அரிசி சொல்லிவைத்துவிட்டார். அதனால் இந்தக் கஞ்சுகத்தை நான் விளையாட்டாகத் தைக்கவில்லை மச்சான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கண்டுபிடித்தேன். மார்பில் திறப்பில்லை, முதுகில் திறப்பில்லை என்றுதானே எழுதியிருக்கிறது? விலாவைப் பற்றி ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் அக்குளிலிருந்து முழங்கால்வரை திறந்துவிட்டு, ஏழு துணிக் கண்ணிகள் வைத்து, ஒரே கயிற்றை அவற்றில் கோத்துக் கீழே முடிகிறேன். கயிற்றின் நுனியை இழுத்தால் ஏழும் ஒன்றாக விட்டுவிடும். ஒற்றைக் கை போதும். கண்ணிகளின் அடி தெரியாமலிருக்க உள்துணி வைத்து நான்கு பக்கமும் மூடிவிடுவேன்.

துணி சிவப்புக் கைத்தறி. அதன் இழை கண்ணுக்குத் தெரிகிறது. நான்கு இழைக்கு ஒரு தையல் என்று எண்ணிப் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு நாவலை உரக்கப் படிக்கிறேன். கயல்நாச்சி காட்டுக்குள் போகும் இடத்தில் வேலாயி அக்கா நிறுத்திவிட்டார்: “ஏம்புள்ள, இந்த மழைக்காட்டுல போறாளே, அவளுக்கு அட்டை கடிக்காதா? கால்ல சாக்கு கட்டிக்கச் சொல்லு.” அதற்குமேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

சளிக்குக் கொத்தமல்லி போட்டுக் குடியுங்கள்.

வடிவு


தலவாக்கலை.
6.2.1955

வடிவு,

விலா. சரி. எனக்குத் தோன்றவில்லை.

வரைபடத்தை டீச்சர் பாலம் என்றாராம். பாலம் விழுந்தால் ஆள் சாவான், அதனால் பாலம் வரைகிறவன் ஒழுங்காக வரைவான். அவரிடம் சொல்.

இன்னொன்று. ஒளித்துவைத்துப் பேச எனக்கு வராது. இரண்டு வருடம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. இங்கே குவார்ட்டர்ஸ் என்று இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் நான், மற்றதில் பழைய தேயிலை ரோலரின் உடைந்த பல்சக்கரங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் “எப்பங்க கல்யாணச் சாப்பாடு?” என்கிறான். அதற்காக நீ விண்ணப்பத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. போட்டியில் நில், ஜெயி. பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எந்த அளவில் நிற்கிறது என்று நீ எழுதவே இல்லை. என் கோட்டின்படி வெட்டினாயா? தோள் சரியாக உட்கார்ந்ததா?

கந்தப்பன்


ஹட்டன்.
27.2.1955

மச்சானுக்கு,

தோள் சரியாக உட்கார்ந்தது. அதைப் பற்றிப் பேச இப்போது மனமில்லை.

நேற்றுச் சங்கத்து மண்டபத்தில் ஒப்படைத்தேன். நீளமான மேசையில் எல்லார் உடைகளையும் பரப்பியிருந்தார்கள். என்னுடையதைச் சுற்றித்தான் கூட்டம். ஒரு பெண் கயிற்றை இழுத்து ஏழு கண்ணியும் அவிழ்வதைப் பார்த்துக் கை தட்டினாள். அப்போது செயலாளர் ஜெயமலர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓரத்துத் தையலை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். “பிள்ளை, இது மிசின் தையலெல்லோ?” என்றார்.

நான் சிரித்தேன். பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு சீராகக் கை போடாது, உள்பக்கத்தைப் பார்க்கலாமென்றால் வேண்டுமென்றே உள்துணி வைத்து மூடியிருக்கிறாய் என்றார். எல்லார் முன்னாலும் என் உடையை எடுத்து மேசையின் மறுகோடியில் தனியாக வைத்தார்கள். கை தட்டிய பெண் நகர்ந்து போய்விட்டாள்.

டீச்சர் அவர்களிடம் பேசியிருக்கிறார். மார்ச் பன்னிரண்டாம் தேதிக்குள் முடிவு சொல்வார்களாம். தயவுசெய்து நீங்கள் இதில் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். டீச்சர் பார்த்துக்கொள்வார்.

வடிவு


தலவாக்கலை.
3.3.1955

வடிவு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே செய்துவிட்டேன்.

ஒருத்தி ஒரு மாதம் இழை எண்ணித் தைத்ததை மெஷின் என்கிறார்கள், நான் இங்கே பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா? டீச்சர் பேசுவார், கெஞ்சுவார். எனக்குக் கெஞ்ச வராது. ருசு காட்டினால் போதும். செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதியதன் நகல் இது:

“அம்மணி, மெஷின் தையலில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று, இரண்டும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கையால் போடும் பின்தையலில் இருப்பது ஒரே நூல். மேல்பக்கம் மெஷின் போலத் தெரியலாம். பின்பக்கம் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கயிறு முறுக்கியதுபோல இருக்கும்.

ஆகவே உள்துணியைப் பிரித்துப் பாருங்கள். அனுமானம் வேண்டாம்.

தையல் இவ்வளவு சீராக அமைந்ததில் வியப்பில்லை. உடையின் வரைபடம் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற என்னால், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகாமல் வரைந்து கொடுக்கப்பட்டது. அடிப்படை சரியாக இருந்தால் வேலை சீராக இருக்கும்.”

இதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் வாயை மூடியே ஆக வேண்டும். நீ கவலைப்படாமல் இரு.

கந்தப்பன்


ஹட்டன்.
11.3.1955

மச்சானுக்கு,

பிரித்தார்கள். நீங்கள் சொன்னதுபோலவே பின்பக்கம் கயிறாக இருந்தது. ஜெயமலர் அம்மா தன் வாயாலேயே, “கைத்தையல்தான், நான் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றார். பிரித்த அம்மாள் கத்தரியை ஓட்டியதில் இடுப்புக்கு மேலே இரண்டு அங்குலம் மேல்துணியும் வெட்டுப்பட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியை உரக்கப் படித்தார்கள்.

“வரைதல் நானே” என்று நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை அதன் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டில் எது பொய் என்று கேட்டார்கள். நானே வரைந்தேன் என்றேன், யாரும் நம்பவில்லை. என்னைக் கட்டப்போகிறவரின் கையெழுத்தே எனக்கு எதிர்ச்சாட்சி. மெஷின் என்று சொன்னபோது நான் கைத்தையல்காரி என்று எனக்காவது தெரிந்திருந்தது. இப்போது பொய்க்காரி என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். டீச்சர் வெளியே வந்ததும், “அந்தப் பெடியனுக்கு என்ன விசரே, பைத்தியமே?” என்று மட்டும் கேட்டார்.

பத்தொன்பதாம் தேதி விசாரணை. அன்றைக்குச் சரியான விளக்கம் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஆகவே இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வரைபடத்தை நான் பயன்படுத்தவே இல்லை. நீங்கள் தங்கையிடம் அளவு கேட்டு, ராத்திரி விழித்து வரைந்திருப்பீர்கள் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். கூடவே படிவத்தில் உள்ளதையும் எழுதினேன், புரிந்துகொள்வீர்கள் என்று. முதலில் மாவுச் சாக்கில் உங்கள் கோட்டின்படி வெட்டிப் பார்த்தேன். தைப்பதற்குத் துணியில் ஓரம் வேண்டும் மச்சான். நீங்கள் ஓரமே விடவில்லை. தைத்தபின் எல்லாப் பக்கமும் சிறுத்துப் போய் என் கை உள்ளே நுழையவில்லை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு நானே வேறு வரைந்து, நானே வெட்டினேன். தோள் உட்கார்ந்ததா என்று கேட்டீர்கள். உட்கார்ந்தது என்றேன். யாருடைய தோள் என்று சொல்லவில்லை. அது என் தப்பு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். படிவத்தில் என்ன இருக்கிறது என்று ஜனவரி இருபத்துநான்காம் தேதிக் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் எழுதினேன். இடம் கிடைக்காவிட்டால் சித்திரையில் தாலி என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதினீர்கள்.

வேண்டுமென்றே செய்தீர்களா?

வடிவு


தலவாக்கலை.
14.3.1955

வடிவு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வரைபடத்துக்காகத்தான் கோபம் வந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை. என்னிடமிருந்த வரைபட நகலை எடுத்து, தொழிற்சாலை ஸ்டோரில் ஒரு மாவுச் சாக்கு வாங்கி, நானே வெட்டினேன். ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம். தைத்து முடித்து டீமேக்கரின் உதவியாள் சின்னராசாவுக்குப் போட்டுவிட்டேன். அவன் உன்னைவிட ஒல்லி. கை இரண்டும் மேலே தூக்கியபடி மாட்டிக்கொண்டது. “சார், தொரை வர்ற நேரம் சார், இதக் கழட்டி விடுங்க சார்” என்று கத்தினான். கத்தரியால் வெட்டித்தான் எடுத்தோம்.

தகரத்தை மடித்து ஒட்டினால் ஓரம் தின்னாது. துணி தின்னும். எனக்கு இது தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் யோசித்தேன். இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். அது முழுசாக உண்மை இல்லை.

மூன்றாம் பத்தியை எழுதும்போது உன் படிவம் எனக்கு நினைவுக்கு வந்தது. பேனாவை நிறுத்தினேன். பிறகு, இவ்வளவு நேர்த்தியான வேலைக்கு வரைந்தவன் யார் என்று யாராவது ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். கல்யாணத்தை அப்போது நினைக்கவில்லை. அகம்பாவம், வேறொன்றுமில்லை. ஆனால் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சின்னராசா, “எடம் கெடைக்கலன்னா சித்திரையில சாப்பாடு உண்டுதானே சார்?” என்றான். ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கடிதத்தால் இடம் போகலாம் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. தபாலாபீஸ் பக்கத்திலேயே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டிருந்தால் போஸ்ட்மாஸ்டர் திருப்பிக் கொடுத்திருப்பார். நான் போகவில்லை.

இதை உன்னிடம் சொல்லாமலே உன்னைக் கட்டிக்கொள்ள முடியும். முடியும் என்பதால்தான் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு நான் வருகிறேன். செயலாளருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். இந்த முறையாவது உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம், ஆனால் நாள் இல்லை. ஊர் பேசும், அதனால் நான் மண்டபத்தில் இருக்கும்போது நீ வேறு அறையில் இரு.

கந்தப்பன்


தலவாக்கலை.
20.3.1955

வடிவு,

நேற்று நடந்ததை யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஐந்து அம்மாமார், நீள மேசை. உன் கஞ்சுகத்தைப் பிரித்த நிலையில் விரித்திருந்தார்கள். அதை நான் பார்ப்பது முதல் தடவை. என் வரைபடத்தின் நகலை அதன்மேல் போட்டேன். தோளும் பொருந்தவில்லை, கையும் பொருந்தவில்லை, ஒரு கோடு இன்னொரு கோட்டின்மேல் விழவில்லை.

ஜெயமலர் அம்மா கேட்டார்: “கட்டப்போற பொம்பிளையைக் காப்பாத்த நீர் வேறை படம் கீறிக்கொண்டு வந்திருக்கலாம்தானே?”

கேட்பார் என்று தெரியும். ஒரு சாக்கைக் கொடுத்து அங்கேயே வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அவர்களில் ஒருவர் அவசரத் தையலாக ஓடவிட்டுக் கொடுத்தார். போட்டேன். கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. முதுகுப் பக்கம் கிழிந்தது. சாக்குக்குள் தலையை வைத்துக்கொண்டு ஐந்து பேர் சிரிப்பதைக் கேட்டேன்.

தலையை வெளியே எடுத்ததும், உன் கஞ்சுகத்தின் அக்குளில் இருந்த ஒரு சிறு சதுரத் துண்டைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்கள். என் படத்தில் அப்படி ஒன்றே இல்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாய்வரை வந்தது.

“தெரியாது” என்றேன்.

“அப்ப இந்தச் சட்டைக்கும் உம்மடை படத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்லை.”

“பிறகேன் கடிதத்திலை அப்பிடி எழுதினனீர்?”

“பெருமைக்கு.”

அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. நீ அங்கே இருந்தாய் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். முடிவு எப்படியானாலும் எழுது.

கந்தப்பன்


ஹட்டன்.
2.4.1955

மச்சானுக்கு,

எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பெயர் என்னுடையது.

பக்கத்து அறையில்தான் இருந்தேன், கதவோரம் நின்றுகொண்டு. எல்லாம் கேட்டது. நீங்கள் போனபின் என்னைக் கூப்பிட்டு அதே சதுரத் துண்டைக் காட்டிக் கேட்டார்கள். நான் கஞ்சுகத்தைப் போட்டுக்கொண்டு, வாளை ஓங்குவதுபோலக் கையைத் தூக்கிக் காட்டினேன். அந்தத் துண்டு இல்லாவிட்டால் கை தூக்கும்போது உடையெல்லாம் கூடவே எழும்பும். ஜெயமலர் அம்மா, “காணும் பிள்ளை, இறக்கும் கையை” என்றார்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை கண்டியில் சேர வேண்டும். லயத்தில் பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். வேலாயி அக்கா கஞ்சுகத்தைப் போட்டுப் பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்.

சந்தோஷமாகத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் நேற்று உங்கள் அம்மா வந்திருந்தார். அத்தை வாசலிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம், “ஏண்ணே, எம்மகன சாக்கு மாட்டிக் கூத்துக் காட்ட வச்சிட்டா உம்மக. இன்னும் ரெண்டு வருசம் வேற காத்திருக்கணுமாக்கும்?” என்றார். அப்பா, “மாப்பிள்ளை என்ன சொல்றாரு?” என்றார். அத்தை, “அவன் என்னத்தச் சொல்றது, நாஞ் சொல்றதுதான்” என்றார். அம்மா காப்பி கொடுத்தார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சான், மண்டபத்தில் நீங்கள் ருசுப்படுத்தியது அவர்களுக்கு. நீங்கள் சொன்ன அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன், சொன்னது நல்லது என்றும் நினைக்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகிறது.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். மாமன் மகள் என்று நான் பிறந்த அன்றைக்கே பேசிவைத்தார்கள். பரிசம் போட்டார்கள். சித்திரை என்றார்கள், இரண்டு வருடம் என்றார்கள். அப்பா சொன்னார், அத்தை சொன்னார், நீங்களும் பிடிக்கவில்லை என்று சொன்னீர்கள். எனக்கு இதில் விருப்பமா என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும்தான்.

வடிவு


தலவாக்கலை.
5.4.1955

வடிவு,

இடம் கிடைத்தது நியாயம்.

அம்மாவிடம் பேசினேன். “ரெண்டு வருசமா? அதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்திருப்பான்டா! வேற பொண்ணு பாக்குறேன்” என்றார். “பாருங்க, தாலியையும் நீங்களே கட்டிக்கங்க” என்றேன். அகப்பையை எறிந்தார். படவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் வெற்றிலைத் தட்டோடு வந்து, இரண்டு வருடத்துக்கு எங்கள் பக்கம் சம்மதம் என்று உன் அப்பாவிடம் சொல்வோம். அவருக்குத் தபாலில் சொன்னால் செல்லாது. நீ அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம், டீச்சர் வீட்டிலேயே இரு.

நீ சொன்னது சரி. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்கு விருப்பமா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. உன் அப்பாவிடமும் என் அம்மாவிடமும் நான் வேண்டாம் என்று சொன்னதாக நானே சொல்லிக்கொள்கிறேன். உன்மேல் ஒன்றும் வராது.

உடனே பதில் வேண்டும் என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரியும். இருக்கட்டும்.

கந்தப்பன்


ஹட்டன்.
17.4.1955

மச்சானுக்கு,

நாளைக் காலை ரயில். டீச்சர் கூட வருகிறார். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

பத்தாம் தேதி நீங்கள் வந்துபோனதை அம்மா சொன்னார். அப்பா முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே, அந்தக் கடிதம் எழுதியது முதல் தபாலாபீஸ் வாசலில் திரும்பாமல் வந்ததுவரை நீங்களே சொன்னீர்களாம். அப்பா வெற்றிலைத் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாராம். பிறகு, “இதயெல்லாம் எதுக்குங்க மாப்பிள்ளை எங்கிட்டச் சொல்றீங்க?” என்றாராம். நீங்கள், “பொண்ணு உங்களுதுங்க மாமா” என்றீர்களாம். அம்மா அதை மூன்று தடவை சொன்னார்.

உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உங்களுக்குப் பிடித்த பதிலாகத்தான் வந்தது. அதனால் கிழித்துவிட்டேன். விருப்பம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் என் கையில் நிற்கவில்லை. கண்டிக்குப் போய், யாரும் பேசிவைக்காத இடத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு எழுதுகிறேன். அது எத்தனை நாள் என்று இப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் வேறு முடிவு எடுப்பதென்றால் எடுக்கலாம். நான் குறை சொல்லமாட்டேன்.

இன்று பெட்டி கட்டினோம். பரிசத்துக்கு நீங்கள் வைத்த பச்சைப் புடவையை அம்மா மேலாக மடித்து வைத்தார். நான் வெளியே எடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப அவங்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடவா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அது இங்கே அலமாரியிலேயே இருக்கட்டும்.

சண்முகவடிவு